துண்டு போட்ட ஊர்

மாறன்கோட்டையில் கொத்தளத் தெருவை இடிக்க வந்த பொக்லைன் இயந்திரத்துக்கு முன்னால் பஞ்சவர்ணம் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டபோது ஊரில் ஒருவர்கூட மூக்கின் மேல் விரலை வைக்கவில்லை. வேறு யாராவது போட்டிருந்தால்தான் வைத்திருப்பார்கள். காலையில் மில் பஸ் அகழியைச் சுற்றித் திரும்பும்போதே, அது நிற்பதற்கு முன்பே, முண்டியடிக்கும் அத்தனை தோள்களுக்கும் மேலாகக் கையை வீசி, டிரைவருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலுக்குள் துண்டை எறிந்து, அது விரிந்தபடி சீட்டின் மேல் போய் விழுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் சாவகாசமாகக் கொண்டையைச் செருகிக்கொண்டு ஏறுகிறவள் அவள். தெரியாமல் உட்காரப் போன வெளியூர்க்காரர்களிடம் "ஆள் வருது" என்று இரண்டே வார்த்தை சொல்வாள். அவர்கள் சுட்டதுபோல எழுந்துவிடுவார்கள்.

மாறன்கோட்டை பழைய ஊர். எவ்வளவு பழையது என்பதில் அங்குள்ள வழிகாட்டிகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது, கேட்பவர் முகத்தைப் பார்த்து நூறு இருநூறு வருஷம் கூட்டியும் குறைத்தும் சொல்வார்கள். வட்டமாக ஒரு மதில், மதிலுக்கு வெளியே அகழி, உள்ளே ஓர் அரண்மனை, ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல், இவற்றின் இடுக்குகளில் எல்லாம் ஜனங்கள். பனிக்காலம் பிறந்தால் வெள்ளைக்காரர்களும் மற்ற மாதங்களில் வடக்கத்தியர்களும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். கோட்டைக்குள் ஓர் ஆணி அடிப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டும் என்பதால் அங்கே லாட்ஜும் பொம்மைக் கடையும் தவிர வேறு பிழைப்பு வரவில்லை, ஆகவே உள்ளூர்ப் பெண்கள் பக்கத்து ஊர் மில்லுக்குப் போனார்கள். மேற்கே கண்மாயைத் தாண்டி இருந்த பட்டிகளின் ஜனங்களுக்கோ, கத்தரிக்காய்க் கூடையோடும் காய்ச்சல் கண்ட பிள்ளையோடும் மேற்கு வாசலில் நுழைந்து, கொத்தளத் தெருவைக் கடந்து, தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பவர்களிடம் இடிபட்டுக்கொண்டு, கிழக்கு வாசலுக்கு வெளியே இருக்கும் பஸ்ஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். சுற்றிக்கொண்டு போனால் கண்மாய்க் கரை வழியாக ஒரு மணி நேரம்.

இதற்கெல்லாம் வழி பண்ணத்தான் அதிகாரி பத்மநாபன் வந்தார். அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கொத்தளத் தெருவிலேயே ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, மேற்கிலிருந்து கிழக்குக்கு ஒரு நேர் ரோடு, சுற்றுலா பஸ்கள் நிற்க ஒரு மைதானம், கக்கூஸ், குடிநீர் என்று விரலை மடக்கி மடக்கி விளக்கினார். குறுக்கே நிற்பது இந்த ஒரு தெருதான் என்று சொல்லும்போது டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "ஊரு வளரணும்லம்மா. உங்களுக்குக் கண்மாய்க்கு அந்தப் பக்கம் புது வீடு கட்டித் தர்றோம்" என்றார்.

"ஊரு வளருறதுக்கு நாங்க ஊர விட்டுப் போகணுமாக்கும்" என்று பஞ்சவர்ணம் கேட்டாள்.

அதற்குப் பதில் சொன்னது அவளுடைய அண்ணன் கோட்டைச்சாமி. அரண்மனைக்கு எதிரே இருந்த பெரிய லாட்ஜ் அவனுடையது. பஸ் உள்ளே வந்தால் தன் லாட்ஜ் வாசலில்தான் நிற்கும் என்று கணக்குப் போட்டு, எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று திட்டம் நல்ல திட்டம் என்று சொல்லிவிட்டான். கூடப் பிறந்தவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்த நாளிலிருந்து பஞ்சவர்ணம் அவனோடு பேசவில்லை. மகள் இளமதிக்கு வளைகாப்பு நடந்தபோது தாய்மாமன் வரவில்லை. அவன் போட வேண்டிய வளையலை யாரோ தூரத்துச் சொந்தம் போட்டது, பஞ்சவர்ணம் அடுப்படியில் போய் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கணவரும் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு இருந்தது அந்த இரண்டு அறை வீடும் அந்த ஒரு பெண்ணும்தான். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வந்திருக்கும்போது தாய்க்கு வீடு இல்லையென்றால் அதைவிடக் கேவலம் உண்டா?

இளமதி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு நாள் பொக்லைன் வந்தது. அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்த பஞ்சவர்ணம் சத்தம் கேட்டு மேற்கு முனைக்கு ஓடினாள். தெருப் பெண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், மஞ்சள் இயந்திரம் கையைத் தூக்கியபடி உறுமிக்கொண்டு நகர்ந்துகொண்டிருந்தது, அவள் கையில் ஈரத் துண்டைத் தவிர ஒன்றுமில்லை. யோசிக்க நேரமில்லாதபோது மனுஷருக்குப் பழக்கம்தானே கைகொடுக்கும். அவள் கை தானாக வீசியது, துண்டு விரிந்து தெரு முனையில் போய்ப் படிந்தது, வாயும் தானாக, "ஆள் வருது!" என்றது.

பொக்லைன் நின்றுவிட்டது.

"எறங்கிப் போய்ப் பாருய்யா, ஏன் நிறுத்துன?" என்று பத்மநாபன் கேட்டார். ஓட்டுநர் ஜெபராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், நல்ல உயரம், பயந்த கண்கள். "நான் பிரேக் போடல சார், வண்டியே நின்னுட்டு. எடம் போட்டுருக்காவள்லா, எப்படிப் போவும்?" என்று அவரையே திருப்பிக் கேட்டான். பத்மநாபன் துண்டைத் தாண்டக் காலைத் தூக்கினார். அடுத்தவர் பிடித்து வைத்த சீட்டில் தெரியாமல் உட்காரப் போகும்போது இடுப்பில் ஒரு கூச்சம் வருமே, அது அவருக்கு வந்தது; தூக்கிய கால் மரியாதையாகத் திரும்பி, பழைய இடத்திலேயே வந்து நின்றது. "யாருக்காம்?" என்று கேட்டார். "ஆள் வருதாம்" என்றான் ஜெபராஜ். அதற்கு மேல் கேட்பதற்கு என்ன இருக்கிறது, அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் டீக்கடையில் இதைப் பற்றித்தான் பேச்சு, ஆனால் துண்டு எப்படி இயந்திரத்தைத் தடுத்தது என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் துண்டு தடுக்கும் என்பது அங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸுக்குள் மட்டும்தான் செல்லுபடியாகும் என்று இத்தனை காலம் தாங்களாக நினைத்துக்கொண்டிருந்தோமே என்ற வருத்தம்தான் இருந்தது. துண்டு ஈரமாக இருக்க வேண்டுமா, காய்ந்தது போதுமா, கர்ச்சீப் செல்லுமா, மஞ்சப்பை செல்லுமா, துண்டு போட்டவரே "ஆள் வருது" என்று சொல்ல வேண்டுமா, அல்லது பக்கத்தில் இருப்பவர் சொன்னாலும் போதுமா என்று அடுப்பு அணையும்வரை விவாதம் நடந்தது. டீக்கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்து போய், கடைக்கு முன்னால் இருந்த புங்க மர நிழலில் ஒரு துண்டை விரித்தார். மறுநாள் வெயில் ஏறியபோது அவருடைய வாடிக்கையாளர்களைத் தவிர ஒரு காக்காய்கூட அந்த நிழலில் ஒதுங்க முடியவில்லை.

அப்புறம் கேட்கவா வேண்டும்? காய்கறிக்காரிகள் சந்தை மேட்டில் சிவப்புத் துண்டு போட்டார்கள். கோயில்காரர்கள் தேர் திரும்பும் முக்கில் காவித் துண்டு போட்டார்கள், பள்ளிவாசல்காரர்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கென்று முன்னால் இருந்த வெட்டவெளியில் பச்சைத் துண்டு போட்டார்கள், கட்சிக்காரர்கள் கரை வைத்த துண்டுகளோடு வந்து ஆளுக்கொரு முச்சந்தியை எடுத்துக்கொண்டார்கள். தொல்பொருள் இலாகாக்காரர்கள் எங்கோ தலைநகரிலிருந்து ஒரு நீலத் துண்டை அனுப்பி அரண்மனை மதில் நெடுகக் கட்டிவிட்டார்கள். கோட்டைச்சாமி லாட்ஜில் துண்டுக்கா பஞ்சம், வெள்ளை வெள்ளையாக எடுத்து வந்து குளத்துப் படிக்கட்டு, கிழக்குக் கோபுர வீதி, சூரியன் மறைவதைப் பார்க்கும் மொட்டை மேடை என்று தன் விருந்தாளிகளுக்காக விரித்துத் தள்ளினான். வெள்ளைக்காரர்கள் இதைப் பார்த்துத் துளியும் திகைக்கவில்லை. அவர்கள் ஊரில் நீச்சல் குளத்து நாற்காலிக்கு விடியற்காலையில் இதே வேலையைச் செய்கிறவர்கள்தானாம், பெட்டியைத் திறந்து பூப்போட்ட பெரிய துண்டுகளை எடுத்து அவர்களும் போட்டார்கள். துண்டு நெய்த தறிக்காரர்கள் வீட்டில் மூன்று வேளையும் நெய் மணத்தது.

கொஞ்ச நாளில் மாறன்கோட்டை முழுவதும் பிடித்து வைக்கப்பட்டுவிட்டது. எல்லா இடத்துக்கும் ஆள் வந்துகொண்டிருந்தது, எந்த இடத்திலும் ஆள் இல்லை. துண்டுகளுக்கு நடுவே மிச்சமிருந்த வழி வளைந்து வளைந்து, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து நடக்கும் அளவுக்குச் சுருங்கியது. ஊர்க்காரர்கள் கூடையைத் தலையில் வைத்து, மூச்சை உள்ளே இழுத்து, பழகிக்கொண்டார்கள். பட்டி ஜனங்கள் கண்மாயைச் சுற்றிப் போனார்கள். சுற்றுலா பஸ்கள் அகழிக்கு அந்தப் பக்கமே நின்று, இறங்கியவர்கள் மதிலை ஒரு படம் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். லாட்ஜ் காலியானது. கோட்டைச்சாமி தன் வெள்ளைத் துண்டுகளுக்கு மத்தியில் லாட்ஜ் படியில் உட்கார்ந்து, வராத விருந்தாளிகளுக்காகக் காத்திருந்தான்.

கொத்தளத் தெரு என்னவோ பத்திரமாகத்தான் இருந்தது. ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வெளியே போய் வரலாம், புதிதாக ஏறத்தான் முடியாது. ஒரு முனையில் போட்டாலும் தெரு முழுவதற்கும் அதுதான் துண்டின் சட்டம். அதனால் கேஸ்காரர் சிலிண்டரைத் தெரு முனையிலேயே உருட்டிவிட்டுப் போனார். திருப்பூரிலிருந்து மாப்பிள்ளை ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்சுமாக வந்தவர், மாமியார் போட்ட துண்டைத் தாண்ட முடியாமல் வெயிலில் நின்று, பொண்டாட்டியை அங்கிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். "எம்மா, அந்தத் துண்ட எடுத்துரும்மா, அவரு கோவிச்சுக்கிட்டுப் போறாரு" என்று இளமதி அழுதாள். பஞ்சவர்ணம் தெரு முனையைப் பார்த்தாள். பொக்லைன் அங்கேயே நின்றுகொண்டிருந்தது, உத்தரவு ரத்தாகவில்லை, ஜெபராஜ் அதன் நிழலிலேயே படுத்து எழுந்துகொண்டிருந்தான். இடம் காலியாகட்டும் என்று பக்கத்தில் நிற்கும் பயணியைப்போல அவன் நின்றான். அவனுக்கும் கோபமில்லை, அவளுக்கும் இல்லை. தினமும் அவன் தட்டில் சோறு போட்டுக் கொண்டுபோய்த் துண்டுக்கு இந்தப் பக்கமிருந்தே நீட்டுவாள். "எக்கா, மீன் கொழம்பு எங்க வீட்டு ருசியா இருக்கு. ஆனா நீங்க துண்ட எடுத்தா நான் இடிச்சுத்தான்க்கா ஆவணும், எனக்கும் பிள்ளைக இருக்குவ" என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்வான். "தெரியும்பா, நீ சாப்பிடு" என்பாள் அவள்.

நாள் இன்னும் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு நாள் காலை பத்து மணி வெயிலில், துணி காயப் போட்டுக்கொண்டிருந்த இளமதி கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள். பனிக்குடம் உடைந்துவிட்டது. பக்கத்து வீட்டு நூர்ஜகான் ஓடி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், அவள் நாலு பெற்றவள், முகம் மாறிவிட்டது. "பஞ்சு, புள்ள குறுக்கால கெடக்கு. வீட்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, இப்பவே" என்றாள்.

ஆம்புலன்ஸ் கிழக்கு வாசலில் வந்து நின்று ஊளையிட்டது, அதற்கு மேல் அதற்கு வழியில்லை. ஒற்றைப் பாத வழியில் வலியெடுத்த பெண்ணை நடத்திக்கொண்டு போக முடியாது, கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. கண்மாயைச் சுற்றினால் ஒரு மணி நேரம். அவ்வளவு நேரம் தாங்காது என்று நூர்ஜகானின் கண்கள் சொல்லின. வீட்டைக் காப்பாற்றப் போட்ட துண்டிலிருந்துதான் ஊரெல்லாம் துண்டு முளைத்தது என்பது பஞ்சவர்ணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. தன் துண்டை எடுக்காமல் மற்றவர்களிடம் எப்படி வழி கேட்பது? அவள் தெரு முனைக்கு ஓடினாள். வீடு போனால் போகட்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, குனிந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

ஜெபராஜ் அவளைப் பார்த்தான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். பொக்லைன் உறுமி, எழுந்து, தெருவுக்குள் நுழைந்தது. பெண்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். தெரு அதற்குப் போதாது, இரண்டு பக்கச் சுவர்களும் இடிபட வேண்டியதுதான் என்று எல்லோரும் கண்ணை மூடியபோது, பஞ்சவர்ணம் தன் வாழ்நாளில் எந்த பஸ்ஸிலும் எவரிடமும் கேட்டிராத ஒன்றைக் கேட்டாள். இடம் பிடிக்கத் தெரிந்த அவளுக்கு இடம் கேட்கத் தெரியாது, கேட்டுப் பழக்கமும் இல்லை. "கொஞ்சம் தள்ளிக்கங்கத்தா... புள்ளத்தாச்சி."

நூர்ஜகானின் வீடு முதலில் தள்ளிக்கொண்டது. வாசற்படியை ஒடுக்கி, ஜன்னலை உள்ளே இழுத்து, ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. அதைப் பார்த்து எதிர் வீடு நகர்ந்தது, அதற்கு அடுத்தது, அதற்கு அடுத்தது. உள்ளே பாத்திரங்கள் ஒன்றோடொன்று உரசிக் கொஞ்சம் சத்தம் போட்டன, அவ்வளவுதான். ஜெபராஜ் ஒரு சுவரையும் தொடாமல் இளமதி நின்ற வீட்டு வாசலுக்கு வந்து, மண்ணை அள்ளும் அந்தப் பெரிய இரும்புக் கையை மெதுவாக, மெதுவாக அவள் காலடியில் இறக்கினான். "ஏறச் சொல்லுங்கக்கா. பூ மாதிரி கொண்டு போவேன்" என்றான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் துண்டுகள் வந்தன, அவற்றை அடுக்கி மெத்தையாக்கி, இளமதியைச் சாய்த்து, பக்கத்தில் நூர்ஜகான் ஏறிக்கொள்ள, இடிக்க வந்த இயந்திரம் பிள்ளைத்தாச்சியைச் சுமந்துகொண்டு கிழக்கு நோக்கிப் புறப்பட்டது.

பஞ்சவர்ணம் முன்னால் நடந்தாள், ஒவ்வொருவரிடமும் கேட்டாள். டீக்கடை தள்ளிக்கொண்டது, புங்க மரமும் வேரோடு ஓர் அடி தள்ளிக்கொண்டது. கோயில்காரர்கள் தள்ளிக்கொண்டார்கள், பள்ளிவாசல்காரர்கள் தள்ளிக்கொண்டார்கள், கட்சிக்காரர்கள் அவன் முதலில் தள்ளட்டும் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இளமதியின் அலறலைக் கேட்டதும் ஒரே நேரத்தில் தள்ளிக்கொண்டார்கள். கிழக்குக் கோபுர வீதிக்கு வந்தபோது வெள்ளைத் துண்டுகள். லாட்ஜ் படியில் கோட்டைச்சாமி.

அவள் நின்றாள். ஒரு வருஷமாகப் பேசாத வாய். பின்னால் மகளின் குரல் கேட்டது.

"அண்ணே," என்றாள், "கொஞ்சம் தள்ளிக்கண்ணே."

"யாருக்குத்தா?" என்று கேட்டான் அவன், தெரிந்தே கேட்டான், அவள் வாயால் கேட்க ஆசைப்பட்டுக் கேட்டான்.

"ஒன் மருமகளுக்குண்ணே."

துண்டுகளை எடுக்கலாம் என்றுதான் அவன் எழுந்தான். ஆனால் அவன் எழுந்ததும் லாட்ஜும் எழுந்தது. பெஞ்சில் பரக்க உட்கார்ந்திருக்கும் பருத்த மனிதர் இடுப்பை உயர்த்தி நகர்வதுபோல மூன்று மாடியும் முனகிக்கொண்டு பின்னால் போனது, பின்பக்கத்து அறை ஒன்று நசுங்கி இல்லாமலே போனது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் வெள்ளைத் துண்டுகளை வாரி எடுத்து மருமகள் தலைக்கு அண்டை கொடுத்தான், "மாமன் இருக்கேன்டா, மாமன் இருக்கேன்" என்று அழுதுகொண்டே இயந்திரத்தோடு ஓடி வந்தான்.

கடைசியாக நின்றது அரண்மனை மதில். கிழக்கு வாசலுக்குத் திரும்பும் இடத்தில் அது வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது, நெடுக நீலத் துண்டு. யாரிடம் கேட்பது? துண்டு போட்டவர்கள் தலைநகரில் இருந்தார்கள், ஒரு செங்கல்லை நகர்த்தவே அவர்களிடம் எழுதிப் போட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். நூர்ஜகான் மேலேயிருந்து, "சீக்கிரம் பஞ்சு!" என்று கத்தினாள். பஞ்சவர்ணம் மதிலின் முன்னால் போய் நின்று, எத்தனையோ ராஜாக்களையும் முற்றுகைகளையும் மழைகளையும் பார்த்து நின்ற அதன் காரைச் சுவரை அண்ணாந்து பார்த்து, பெரியவர்களிடம் கேட்பதுபோல இரண்டு கையையும் கூப்பிக் கேட்டாள்.

"ஐயா, கொஞ்சம் தள்ளிக்கங்கய்யா. எம் புள்ள போகணும்."

அது உடனே நகரவில்லை. வயசானவர்களுக்கு எழுந்திருக்க நேரமாகும் அல்லவா? உள்ளே எங்கோ கல்லும் கல்லும் பேசிக்கொள்வதுபோலச் சத்தம் கேட்டது, உச்சியிலிருந்து புறாக்கள் எழும்பின, பொடிப்பொடியாகக் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது, அப்புறம் அந்த மாபெரும் மதில் தன் ஆயுளில் முதன்முறையாக ஒரு கை அகலம் பின்னால் போனது. அந்த ஒரு கை அகலம் போதுமானதாக இருந்தது. ஜெபராஜ் சொன்னபடி பூவாக வளைத்துத் திருப்பினான்.

ஆஸ்பத்திரியில், உச்சிப்பொழுது சாய்வதற்குள், பெண் குழந்தை பிறந்தது. இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் மிஞ்சியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னபோது பஞ்சவர்ணம் வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோட்டைச்சாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தான். வளைகாப்புக்கென்று வாங்கி வைத்துக் கொடுக்காமல் விட்ட வளையல்கள் அதில் இருந்தன.

நகர்ந்தவை எதுவும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. பத்மநாபன் வந்து மேற்கு வாசலிலிருந்து கிழக்கு வாசல்வரை நடந்து பார்த்தார், மீண்டும் ஒரு தடவை நடந்து பார்த்தார். அவர் கேட்ட நேர் ரோடு கிடைக்கவில்லை, வளைந்து வளைந்து ஒன்று கிடந்தது, ஆனால் ஒரு டவுன் பஸ் போகும் அளவுக்குக் கிடந்தது. கையில் இருந்த திட்டப் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இது எனக்குத் தோணவே இல்லைம்மா" என்றார். அவர் சிரித்து அந்த ஊர் பார்த்தது அன்றைக்குத்தான். இப்போது பட்டி ஜனங்களின் பஸ் கொத்தளத் தெரு வழியாகவே ஆஸ்பத்திரிக்குப் போகிறது. பெரிய சுற்றுலா பஸ்கள் அகழிக்கு வெளியே பழைய செங்கல் காளவாசல் திடலில் நிற்கின்றன, வருகிறவர்கள் நடந்து வருகிறார்கள். கூட்டம் நெரிந்தால் டீக்கடைக்காரரே கண்டக்டர் மாதிரி கையை வீசி, "பின்னாடி காலியா இருக்கு, பின்னாடி போங்க!" என்று சத்தம் போடுகிறார்; அதைக் கேட்டுப் பட்டிகளுக்குப் போய், கண்மாய்க் கரையில் தங்கி, நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பட்டிகளிலும் இப்போது பெண்களுக்கு வேலை இருக்கிறது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இடம் குறைந்தது என்பது உண்மைதான். பஞ்சவர்ணத்தின் அடுப்படியில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது, பிரிட்ஜ் கதவு பாதிதான் திறக்கும். அவள் அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டது கிடையாது.

பிள்ளையும் தாயும் வீட்டுக்கு வந்த அன்று மாப்பிள்ளை தெருவுக்குள் நேராக நடந்து வந்து மகளைத் தூக்கிக்கொண்டார். பஞ்சவர்ணம் கிண்ணம் நிறையச் சீனியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நன்றி என்ற சொல் மேடையில் பேசுகிறவர்களுக்கும் கடிதம் எழுதுகிறவர்களுக்கும் உரியது, அண்டை அயலாரிடம் போய் அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். ஆகவே அவள் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு கையிலும் சீனியை வைத்தாள், "பேத்தி" என்று மட்டும் சொன்னாள். நூர்ஜகானுக்கு வைத்தாள், டீக்கடைக்காரருக்கு வைத்தாள், மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிய ஜெபராஜுக்கு இரண்டு கை நிறைய வைத்து, தம்பி தம்பி என்று அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். தனக்காக ஒரு ஊரே நகர்ந்தது என்பதை நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. இனி எத்தனை பிறவி எடுத்தாலும் இந்தக் கடனைத் தீர்க்க முடியாது, தீர்க்காமல் இருப்பதே சுகமாகவும் இருக்கிறது என்று தோன்றியது.

கடைசியில் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் சீனி மிஞ்சியபோது அவள் அரண்மனை மதிலின் முன்னால் நின்றாள். படம் எடுக்க வந்த இரண்டு பேர் அவளுக்காக ஒதுங்கிக்கொண்டார்கள். மதில் வெயிலில் சூடேறி, ஒரு கை அகலம் பின்வாங்கிய புது இடத்தில் இன்னும் சரியாக அமராமல் நின்றுகொண்டிருந்தது. இத்தனை பெரியவரிடம் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு மிக வேண்டிய மனிதர் வந்து நின்றால் வாயில் முதலில் என்ன வருமோ அதுதான் வந்தது.

"சாப்டீகளாய்யா?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டுக் குனிந்து, மிச்சச் சீனியை மதிலின் காலடியில் கொட்டினாள். அவள் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் ஒரு விரிசலிலிருந்து எறும்புகள் புறப்பட்டு வந்தன. அவள் கண் முன்னாலேயே ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு பொடிகூட விடாமல், அத்தனை சீனியையும் மதிலுக்கு உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தன.